கறுப்புக் கோடு போட்ட கதிரைகள்

தம்பி ராசா,

நீ பார்க்கச் சொன்ன இங்கிலாந்து நாடகத்தை ஒருவழியாகப் பார்த்து முடித்துவிட்டேன். நீ அனுப்பிய ரப்லெற்றுத் திரையில் எங்கே அமத்த வேண்டும், எங்கே அமத்தக்கூடாது என்று நீ போனில் பாடம் எடுத்த அன்றைக்கே தொடங்கினேன். ஆங்கிலம் எனக்கு அரைவாசிதான் பிடிபடும். ஆனால் அண்ணனும் தம்பியும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டு, உப்புப் போத்தலைக்கூட ஒருவரிடம் ஒருவர் கேட்காமல் எட்டி எடுப்பதை விளங்கிக்கொள்ள ஆங்கிலம் எதற்கு? அதை நான் இந்த வீட்டுக் குசினியில் வருசக்கணக்காகப் பார்த்தவள். தகப்பன் விட்டுப்போன பேக்கரி, பக்கத்தில் பெரிய கடை வந்து வியாபாரம் படுத்துவிட்டது. மூத்தவன் அப்பா செய்தபடியேதான் பாண் போடவேண்டும் என்கிறான். இளையவன் கதிரை மேசை போட்டுக் கோப்பி விற்போம் என்கிறான். "அம்மா, இது அப்பிடியே எங்கட கதை. கடைசியிலை பாருங்கோ, ரெண்டு பேரும் சேருகினம்" என்று நீ சொன்னாய். சேருகிறார்கள்தான். பழைய பெயர்ப்பலகைக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று பெயின்ற் அடிக்கிறார்கள். மழை பெய்கிறது. அந்த நாட்டில் அது எப்போதும் பெய்துகொண்டுதான் இருக்கிறது. நான் அழவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பாணில் செத்தவீட்டுத் துடக்கு ஒட்டாது, தம்பி. அங்கே பிழை விட்டவன் அடுத்த நாள் விடிய வேறு மா குழைக்கலாம்.

இன்னொன்றை நீ கவனித்தாயோ தெரியாது. அந்த நாடகம் தாயின் சவ அடக்கத்தோடுதான் தொடங்குகிறது. தேவாலயத்தில் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே வாங்கில் ஒட்டி இருக்கிறார்கள். ஒருவன் மூக்கைத் துடைக்க மற்றவன் லேஞ்சியை நீட்டுகிறான். பிறகு கடைசிவரைக்கும் அவர்கள் அப்படி நெருங்கி இருந்ததை நான் காணவில்லை. உனக்குப் பிடித்த முடிவை நான் ஒருதரம்தான் பார்த்தேன். அந்த முதல் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

இனி உன் கலியாணக் கதைக்கு வருகிறேன். ஆவணியில் வருவதாகவும், மண்டபம் ஒன்றும் வேண்டாம், புளியங்கூடலில் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் தாலி கட்டுவேன் என்றும் சொன்னாய். அண்ணைதான் பந்தல் போடவேண்டும், அப்பாவின் பொட்டு வைத்த கதிரைகள்தான் போடவேண்டும் என்றாய். கலியாணத்தைச் சாட்டி உன் அண்ணனும் நீயும் திரும்பக் கதைத்துவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறாய். நாடகம் பார்த்த மூளை. "சொல்லிப் பாக்கிறன்" என்று நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ எடுத்தபோதெல்லாம் காற்று, சிக்னல் இல்லை என்று சாட்டுச் சொன்னேன். போனில் சொல்ல வெளிக்கிட்டால் நீ இடையில் குறுக்கிடுவாய், நான் இளகிவிடுவேன். எனக்கு உன்னில் பட்சம் கூட. அது உன் அண்ணன் தயாளனுக்கும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவா. பிறகு இது குசினி மேசையில் திறந்தபடி கிடக்கும். கொண்ணை தயாளன் வாசித்தால் வாசிக்கட்டும்.

உன் கையைப் பிடிக்கப்போகிற பிள்ளைக்கும் இதை வாசித்துக் காட்டு. லண்டனில் பிறந்த பிள்ளை, எங்கள் கூத்து ஒன்றும் அதற்குத் தெரியாது. நாங்கள் சண்டையால் இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலத்தில் எங்கள் தீவில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. நல்லது கெட்டது எது நடந்தாலும் வந்த சனத்தை இருத்த ஒரு கதிரை இல்லை. அப்பா அங்கே இங்கே பிடித்துக் கொஞ்சம் வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரைகள், தகரப் பந்தல், ஒரு ஒலிபெருக்கி, இருமிக்கொண்டு ஓடும் ஒரு ஜெனரேற்றர் என்று சேர்த்து வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் செத்தவீட்டில் இருந்த கதிரை அடுத்த நாள் கலியாணவீட்டில் இருக்கும். அதை ஒருவரும் கேட்பதில்லை. அப்பாவுக்கு அது ஒத்துவரவில்லை. கதிரைகளை இரண்டாகப் பிரித்தார். கலியாணவீட்டுக்குப் போகிறவற்றின் அடிப்பக்கத்தில் சிவப்புப் பெயின்ரால் ஒரு பொட்டு வைத்தார். செத்தவீட்டுக்குப் போகிறவற்றில் கறுப்பாக ஒரு கோடு கீறினார். பொட்டு வைத்தவை கொட்டிலின் கிழக்குப் பக்கம், கோடு போட்டவை மேற்குப் பக்கம். கழுவுகிற வாளிகூட வேறு வேறு. நீங்கள் சின்னனில் வாளியை மாற்றி எடுத்தால் அடி விழும், நினைவிருக்கும்.

அந்தக் கோடுதான் எங்கள் பெயர். வேலணையில் இருந்துகூட ஆட்கள் வந்து, "உங்கட கதிரையெண்டால் யோசிக்கத் தேவையில்லை" என்பார்கள். செத்தவீட்டில் கதிரை அடுக்கிக் கொடுக்காத ஆம்பிளை இந்தப் பக்கத்தில் கிடையாது. ஆகவே அந்தக் கோட்டைத் தெரியாத ஆளும் கிடையாது. எனக்கு இப்போது அந்த மனிசனில் கோபம் வருகிறது. ஊர் கேட்காத ஒன்றைத் தானாகக் கொடுத்துப் பழக்கினார். பழகின பிறகு அது ஊரின் உரிமையாகிவிட்டது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கோடு உங்கள் இரண்டு பேரின் தலையில் இறங்கியது.

அப்பா போன பிறகு நீங்கள் தொழில் நடத்திய அழகை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும், பிறகு வயிறு எரியும். உனக்குப் பெரிய திரை வேண்டும், கலர் லைற் வேண்டும், வெளிநாட்டுச் சனத்துக்கு நேரடியாக வீடியோ காட்டவேண்டும். அவனுக்கு அப்பாவின் ஜெனரேற்றர் மட்டும் காணும், வேறொன்றும் வேண்டாம். தீவுச் சனமும் கலியாணத்தை யாழ்ப்பாணத்துக் குளிர் மண்டபங்களுக்குக் கொண்டுபோகத் தொடங்கிவிட்டது. கதிரை, சாப்பாடு, பூ எல்லாம் அங்கேயே. வேலை குறையக் குறைய உங்கள் வாய் கூடியது. கோபம் முற்றினால் நேரில் கதைக்கமாட்டீர்கள். ஒலிபெருக்கி கட்டி மைக் சோதிக்கும்போதுதான் கதைப்பீர்கள். "ஹலோ, ஹலோ, மைக் ரெஸ்ரிங், அண்ணை, அந்த வயர் லூசாக் கிடக்கு" என்று நீ முழு ஊருக்கும் கேட்கச் சொல்வாய். அவன் மற்றப் பக்கம் இருந்து, "ஹலோ, ஹலோ, லூசாக் கிடக்கிறது வயர் இல்லை" என்பான். கோயிலடியில் நின்ற சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். வீட்டுக்கு வரும்போது கோபம் தீர்ந்திருக்கும். நான் அப்போது நினைத்தேன், இதுகள் இப்படியே கத்திக்கொண்டு கிழவன்களாகிவிடும் என்று. அது எனக்குக் காணும் என்றுதான் இருந்தேன்.

பிறகு சுருவில் கிராமத்துக் கலியாணம் வந்தது. அது ஆனி மாதம். கொண்ணை பொட்டு வைத்த கதிரைகளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு அனலைதீவுக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தான். கலியாணத்துக்கு முதல் நாள் திரும்பவேண்டும். சோளகக் காற்று கிளம்பிவிட்டது. சாமான் ஏற்ற ஏலாது என்று வள்ளக்காரர் சொல்லிவிட்டார்கள். அவன் போன் எடுத்து உனக்குச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "காத்து அடங்காமல் ஒண்டும் செய்யேலாது. நீ யாழ்ப்பாணத்திலை ஆரிட்டையாவது எடுத்துக் குடு." நீ போனை வைத்துவிட்டு, "எங்கட பேரைச் சொல்லி வேறை ஆக்களின்ரை கதிரையைப் போடுறதோ? பிறகு அடுத்த கலியாணத்துக்கு நேரா அவையிட்டையே போவினம்" என்றாய். அது பிழையான கதை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். தொழிலைக் காப்பாற்றத்தான் நினைத்தாய். ஆனால் நீ கொட்டிலின் மேற்குப் பக்கத்தில் கைவைத்தாய்.

"என்னடா, உது கோடு போட்டதெல்லோ?" என்று கேட்டேன்.

"வடிவாக் கழுவியிட்டனம்மா. மேலை கவர் போட்டு றிபனும் கட்டினால் ஆருக்குத் தெரியும்?"

"அப்பா இருந்தால் உதைச் செய்யவிடுவாரோ?"

"அப்பா இருந்தால் கலியாணவீடு நிக்கக்கூடாதெண்டு சொல்லியிருப்பார். தள்ளுங்கோ, லொறி எடுக்கவேணும்."

நான் தள்ளி நின்றேன். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையை எப்படி மறிப்பது?

நடந்ததை நீதான் எனக்கு வந்து சொன்னாய், முகமெல்லாம் சாம்பலாக. தாலி கட்டி முடிந்து சனம் சாப்பிட இருந்த நேரம். பெண்ணின் தகப்பன் இருந்த கதிரையில் குழம்பு ஊற்றுப்பட்டது. தாய்மாமன் கவரை உருவி, துடைப்பதற்குக் கதிரையைக் கவிழ்த்தார். அடியில் கறுப்புக் கோடு கிடந்தது. பக்கத்துக் கதிரையைக் கவிழ்த்தார், அதற்குப் பக்கத்துக் கதிரையையும் கவிழ்த்தார். கோட்டைக் கண்டவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். "எல்லாரும் நிண்டுகொண்டு சாப்பிட்டவை அம்மா. பொம்பிளை மாப்பிளை மட்டும்தான் இருந்தவை" என்று நீ சொன்னாய். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்தாய். பெண்ணின் தகப்பன் நெடுநாள் இருதய வருத்தக்காரர், ஆசுப்பத்திரியும் வீடுமாகத் திரிந்தவர், அது ஊருக்குத் தெரியும். அடுத்த மாதம் அவர் கண்ணை மூடியபோது ஊர் அதை மறந்துவிட்டது. கதிரையை மட்டும் நினைவு வைத்திருந்தது.

அந்தச் செத்தவீட்டுக்குக் கொண்ணை கதிரைகளோடு போனான். கேட்காமலே போனான். வாசல் படலையில் வைத்தே அந்தத் தாய்மாமன், "குறை நினையாதையும் தம்பி. உங்கட கதிரை இந்த வீட்டுக்கு ஒருக்கா வந்தது காணும்" என்றாராம். அவன் லொறியைத் திருப்பிக்கொண்டு வந்து கொட்டிலடியில் விட்டான். இறங்கவில்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்க, கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த நேரம் அவனுக்கு ஒரு சம்பந்தம் பேசியிருந்தோம். பிள்ளையை அவன் நயினாதீவுத் திருவிழாவில் கண்டு, தானாகவே ஓம் என்று தலையாட்டினவன். சாத்திரம் பார்த்துப் பொருந்திய பிறகு உனக்குச் சொல்லுவோம் என்றிருந்தோம். அவர்கள் சுருவில்காரருக்கு உறவு. ஒரு நாள் தரகர் வந்து, சாதகம் பொருந்தவில்லையாம் என்றார். சாதகமே அப்போது கொடுக்கவில்லை. கொண்ணை உன்னிடம் இதைச் சொல்லி உன்னை வதைத்திருக்கலாம். சொல்லவில்லை. பேசாமல் இருந்தான். அந்தப் பேசாமல் இருந்ததுதான் உன்னை நாட்டைவிட்டே கலைத்தது. முதியோர் பராமரிக்கிற வேலை என்று லண்டனுக்கு வெளிக்கிட்டாய். வெளிக்கிடுகிற அன்றைக்குக் கொட்டில் வாசலில் நின்று, "அண்ணை, போட்டு வாறன்" என்றாய். அவன் திரும்பவில்லை. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு வான் வண்டியில் ஏறினாய்.

அவன் ஏன் திரும்பவில்லை என்று நான் உன்னை வழியனுப்பிவிட்டு வந்துதான் கண்டேன். அவன் மடியில் ஒரு கதிரை கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் கறுப்புப் பெயின்ற். கிழக்குப் பக்கத்துக் கதிரைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அப்பா வைத்த பொட்டுக்கு மேலால் கோடு கீறிக்கொண்டிருந்தான். "என்ன வேலையடா செய்யிறாய்?" என்று கத்தினேன். "இனி ஒருத்தருக்கும் மாறுப்படாது" என்றான். தூரிகையைப் பிடுங்கி எறிந்தேன். எழும்பிப் போய் அதை எடுத்துவந்து திரும்பவும் இருந்தான். கடைசிக் கதிரை வரைக்கும் கீறினான்.

ஆகவே தம்பி, அப்பாவின் பொட்டு வைத்த கதிரை என்று ஒன்று இப்போது இல்லை. நீ போனில் அதைக் கேட்கும்போதெல்லாம் நான் கதையை மாற்றியது இதற்குத்தான். எங்களிடம் இருப்பது ஒரே வகை. செத்தவீடுகளுக்கு அவன் தனியப் போகிறான், தனிய இறக்குகிறான், தனிய ஏற்றுகிறான். மைக் சோதிக்கும்போது ஹலோ சொல்வதில்லை. விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அங்கால் போய்விடுகிறான்.

உன் விருப்பத்தைப் போன கிழமை அவனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "பொட்டு வைச்ச கதிரை இல்லையெண்டு அவனுக்கு நீங்கள் சொல்லேல்லையோ?" என்று மட்டும் கேட்டான். நேற்று யாழ்ப்பாணம் போய் வந்தான். வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அங்கை ஒரு வாடகைக் கடையிலை ஆவணிக்குச் சொல்லியிட்டன். பந்தல், கதிரை, லைற் எல்லாம் அவையே கொண்டுவந்து போடுவினம். நல்ல சாமான். நான் ஒவ்வொண்டாத் திருப்பிப் பாத்தனான்" என்றான். அன்றைக்கு அவன் சொல்லி நீ செய்ய மறுத்ததை இன்றைக்கு உனக்காக அவனே செய்துவிட்டு வந்து நிற்கிறான். அதில் உள்ள பாசத்தை நினைத்துச் சந்தோசப்படுவதோ, அதில் உள்ள ஆத்திரத்தை நினைத்து அழுவதோ என்று எனக்குத் தெரியவில்லை.

"நீ நிப்பியெல்லோ?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கு?"

"தம்பியின்ரை கலியாணமடா."

"அம்மா, என்ரை லொறியைக் கண்டால் சனம் ஆர் செத்ததெண்டுதான் கேக்குது. நான் மணவறைக்குப் பக்கத்திலை வந்து நிண்டால் அந்தப் பிள்ளையின்ரை ஆக்கள் என்ன நினைப்பினம்? என்னாலை ஏலாது. கேக்காதையுங்கோ."

மன்றாடிப் பார்த்தேன், ராசா. காலில் விழுகிறேன் என்றும் சொன்னேன். ஊர் விலக்கினால் ஊரோடு சண்டை பிடிக்கலாம். இவன் தன்னைத்தானே விலக்கி வைத்திருக்கிறான். இவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? நீ ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து கூப்பிட்டாலும் அவன் அந்தப் பந்தலுக்குக் கீழ் வரப்போவதில்லை. நாடகத்தில் வருவது மாதிரிக் கடைசி நேரத்தில் படலையில் வந்து நிற்பான் என்று நீ தாலியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்காதே. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்.

கலியாணம் கட்டப்போகிறவனுக்குப் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஒன்றையும் கவர் போட்டு மறைக்காதே. இருக்கிற கதிரையைக் காட்டி, இதுதான் இருக்கிறது, இருப்பாயோ என்று கேள். கோபம் வந்தால் கத்து, அவளையும் கத்தவிடு. மைக் வேண்டுமென்றாலும் வாங்கி வைத்துக்கொள். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள். பேசாமல் இருந்த ஒரு வீட்டில் நான் தனிய இருந்து சோறு போடுகிறேன், அதன் உருசி எனக்குத் தெரியும்.

நீ வா. நான் பட்டுச்சேலை உடுத்துச் சிரித்துக்கொண்டுதான் நிற்பேன். யாழ்ப்பாணத்துக் கதிரைகள் நல்ல வெள்ளையாக இருக்கும், படத்துக்கும் வடிவாக விழும். எங்கள் கதிரைகள் அன்றைக்குக் கொட்டிலில் அடுக்கினபடி இருக்கும். ஆனால் அவையும் ஒரு நாள் இந்த முற்றத்துக்கு வரும். அதற்கு வெளியில் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை, கொண்ணையே தூக்கிவந்து போடுவான். தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்கவேண்டும், ஆகவே நீயும் வந்துதான் ஆகவேண்டும். அன்றைக்கு அவனால் தள்ளி நிற்க ஏலாது, அது அவனுடைய பந்தல். அவன் களைத்துப்போய் எங்கேயாவது ஓரமாக இருப்பான். நீ ஒரு கதிரையை இழுத்து அவனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இரு. அடியில் என்ன கீறியிருக்கிறது என்று திருப்பிப் பார்க்காதே.

அதுவரைக்கும் இரண்டு பேருக்கும் சேர்த்து உயிரை வைத்துக்கொண்டிருக்கிற,
அம்மா